அச்சோடு ஒட்டிய படகு

அத்தானின் நம்பிக்கை என்ன விலை என்று தொட்டிக்காரரைக் கேட்டால் சொல்வார்: ஒரு டப்பா மெழுகு. இரண்டு டப்பா வாங்க வேண்டிய இடத்தில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் தொட்டி வந்த பிறகு அவருடைய பைபர் தண்ணீர்த் தொட்டிகளைச் சீந்த ஆளில்லை. பட்டறையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு ஒரு யோசனை உதித்தது. அக்கா புருஷனுக்குத் தொழில், பொழுதுபோகாத பணக்காரர்களைக் கடலுக்குக் கூட்டிப்போய்ப் பெரிய மீனுக்குத் தூண்டில் போடவைப்பது. அவருடைய படகு ஓடுகிற ஓட்டம் வேறு எதற்கும் வராது. அதன்மேல் ஓர் அச்சு எடுத்துவிட்டால் அதே வடிவில் படகு படகாக வார்த்து விற்கலாம். கேட்டால் தரமாட்டார். ஆகவே பெயின்ட் அடித்துத் தருவதாகத் தொட்டிக்காரர் சொன்னார். "என் தம்பி கையில குடுங்க, கண்ணாட்டம் பாத்துக்குவான்" என்று அக்காதான் மல்லுக்கு நின்று வாங்கிக் கொடுத்தாள்.

படகைக் கவிழ்த்து, அச்சு ஒட்டாமலிருக்க மெழுகு பூசி, அதன்மேல் ரெசின் பசையும் பைபரும் அடுக்கடுக்காகப் போட்டார்கள், தொட்டிக்காரரும் அவர் பெண்டாட்டியும். மெழுகு நாலு பூச்சு வேண்டும். இரண்டோடு டப்பா காலி.

இப்போது அச்சு வரமாட்டேன் என்கிறது. சங்கிலி போட்டுத் தூக்கினால் படகும் கூடவே எழுந்தது. ஆப்பு அடித்தார்கள், தண்ணீர் பீய்ச்சினார்கள், ம்ஹூம். நாளைக்குக் கடலுக்கு ஆள் வருவதாகவும், படகை எடுத்துப்போகத் தான் கிளம்பிவிட்டதாகவும் அத்தான் போன் செய்துவிட்டார்.

"ஏங்க, அச்சு எடுத்தீங்களா, இல்ல ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணிவச்சிட்டீங்களா? பிரியவே மாட்டேங்குதே."

"வயித்தெரிச்சலைக் கிளப்பாதடி."

"நான் வாயை மூடிக்கறேன். உங்க அத்தான்கிட்ட நீங்களே தெறந்து பேசுங்க."

படகை உள்ளேயே உடைத்தால் அச்சு பிழைக்கும்; அக்கா பிழைக்கமாட்டாள். அச்சை உடைத்தால் படகு பிழைக்கும். கையிலிருந்த கடைசிக் காசும் குப்பைக்குப் போகும். தொட்டிக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். கையெல்லாம் பைபர் தூசி. தலையும் சேர்ந்து அரித்தது.

எழுந்து, அறுக்கிற கிரைண்டரை எடுத்தார். அச்சின் நடுமுதுகில், மூக்கிலிருந்து வால்வரை, ஒரே கீறு.

"மெதுவா, மெதுவா, கீழ இறங்குது!" என்று பெண்டாட்டி கத்தியது அந்த இரைச்சலில் யார் காதில் விழும்? ஆப்பு இறங்கியதும் அச்சு படீரென்று இரண்டாக விலகியது. சிரிக்க வாயெடுத்தவர் அப்படியே நின்றார். பிளேடு படகின் அடியையும் பிளந்திருந்தது. பக்கமெல்லாம் தோலுரிந்த கோலம்.

அத்தான் வாசலில் நின்றிருந்தார். சத்தம் போட்டிருந்தால் காலில் விழுந்திருக்கலாம். அவர் உள்ளே வந்து அச்சின் இரண்டு பாதிகளையும் தட்டிப் பார்த்தார்.

"பெயின்ட் அடிச்சாச்சா மாப்ளே?"

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டீங்க அத்தான்."

"மாட்டேன். விலை சொல்லியிருப்பேன். இதுல எத்தனை படகு எடுக்கலாம்?"

"ரெண்டையும் போல்ட் போட்டு இணைச்சா நூறுகூட எடுக்கலாம். இனிமே மாட்டிக்காது, பாதி பாதியா கழட்டிடலாம்."

"அப்ப இப்ப சொல்றேன் விலையை. கம்பெனில பாதி எனக்கு. என் படகுக்கு அடி புதுசா போட்டுத் தரணும். அதுவரைக்கும் விட்டுப்போற வருமானம் உன் தலைல."

"சரி அத்தான். அக்காவுக்கு மட்டும் தெரியவேண்டாம்."

"அவளும்தான் கூட வந்தா. ஜன்னல் வழியா பாத்துட்டு, போய் கார்ல உக்காந்துட்டா."

கம்பெனி பிறந்தது அப்படித்தான். ஐந்தாவது படகு விற்ற அன்று தொட்டிக்காரர் கணக்குப் பார்த்தார். அத்தானுக்குப் பாதிப் பங்கு, கொடுத்தாயிற்று. படகுக்குப் புது அடி, போட்டாயிற்று. விட்டுப்போன வருமானம், தீர்ந்தது. அக்கா இன்னும் தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அது பாக்கி.