கடிகாரத்துக்குக் கீழே ஒரு படம்

காலையில் அண்ணன் சலவைக்கடை ஷட்டரைத் தூக்குவான். தங்கை பெருக்குவாள், மேசை விரிப்பை உதறுவாள், இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றுவாள். பிறகு சுவர்க்கடிகாரத்துக்குக் கீழே போய் நின்று, மணி தெரியும்படி தன்னைத்தானே செல்போனில் படம் எடுப்பாள். யாருக்கும் அனுப்பமாட்டாள். போனை வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவாள்.

முன்பு வேறிடத்தில் வேலை பார்த்தபோது, நேரத்துக்கு வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சியாகத் தினமும் இப்படிப் படம் கேட்டவன் அவள் புருஷன். படம் போய்ச் சேரத் தாமதமானால் அன்று மாலை அடி. இப்போது விவாகரத்தாகிவிட்டது. அவன் எங்கேயோ இன்னொருத்தியோடு இருக்கிறான். படம் மட்டும் நின்றபாடில்லை.

"யாருக்குடி எடுக்கிற? போஸ் குடுக்க இது என்ன ஸ்டுடியோவா?"

"யாருக்கும் இல்லண்ணா. எடுத்துட்டாத்தான் கை ஓடுது."

"அதான் அவனை விட்டுட்டு வந்துட்டியே! இன்னும் என்னதான் உனக்கு?"

இதையே சொல்லிச் சொல்லி அண்ணனுக்கு வாய் வலித்தது. கூட்டிக்கொண்டு வந்தாயிற்று, சோறு போட்டாயிற்று, வேலை கொடுத்தாயிற்று. இதற்குமேல் ஓர் அண்ணன் என்னதான் செய்வான்? ஒரு நாள் எரிச்சல் தலைக்கேறி, முன்னதாகவே கடைக்கு வந்து கடிகாரத்தைக் கழற்றி, அழுக்கு மூட்டைக்குள் ஒளித்துவிட்டான்.

போனோடு வந்தவள் வெறும் சுவரைப் பார்த்தாள். சட்டைக்காக அதே தெருக்காரர் ஒருவர் காத்திருந்தார். பெட்டியைத் துணிமேல் வைத்தாள். பார்வை சுவருக்கும் வாசலுக்குமாக அலைந்தது. தீய்ந்த வாடை வந்தது.

"ஏய்! கண்ணை எங்க வச்சிருக்க?" அண்ணன் மேசையில் ஓங்கி அறைந்தான்.

மறுகணம் அவள் மேசைக்கடியில் சுருண்டுகிடந்தாள். இரண்டு கைகளும் தலைக்கு மேல். "இனிமே லேட்டாகாதுங்க. சத்தியமா லேட்டாகாதுங்க."

அண்ணனிடம் அவள் ஒருநாளும் அப்படி மரியாதை போட்டுப் பேசியதில்லை.

சட்டைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னப்பா இது? அதான் அவனை விட்டுட்டு வந்துட்டாங்கல்ல, இன்னும் என்னவாம்?"

அண்ணன் தினமும் சொல்வதுதான் அது. அடுத்தவர் வாயிலிருந்து வரும்போது கேட்கச் சகிக்கவில்லை.

"சட்டைக்கு நான் பொறுப்பு. நீங்க கிளம்புங்க சார்."

கடிகாரத்தைத் தேடியெடுத்து மாட்டினான். கோணல் இல்லாதபோதும் அதை நிமிர்த்திக்கொண்டே நின்றான். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை.

"எடுத்துக்கம்மா," என்றான் சுவரைப் பார்த்தபடி. "எத்தனை நாள் வேணும்னாலும் எடு."

அவள் எழுந்து வந்து படம் எடுத்தாள். அதில் மணி சரியாக விழவில்லை; இன்னொன்று எடுத்தாள். பெட்டியைத் தொடுமுன் ஒன்று சொன்னாள்.

"விட்டுட்டு வந்தா முடிஞ்சிடும்னு எல்லாரும் நினைக்கிறீங்க. அடிபட்ட இடம் ஆறிடுச்சுண்ணா. பயந்த இடம் ஆறல. அதட்டினா அது ஆறாது."