டிரம் அடங்கும் இடம்

"நிறுத்துன்னா நிறுத்தேன்—"

"முழுசாக் கேளுங்க அத்தான், அப்புறம்—"

"என் பாட்டு எனக்குத் தெரியாதா?" அவர் தொண்டையைக் கனைத்தார்.

பேச்சுக்குப் பேச்சு கனைப்பது அவர் பழக்கம். வீட்டுப் பிள்ளைகள் 'கனைப்பு மாமா' என்றே கூப்பிடும்.

அந்த ட்ரான்ஸ் வகை நடனப் பாட்டுக்கு ஒரு காலத்தில் ஆடாத கால் இல்லை. வார்த்தையே இல்லாமல் அக்கா இழுக்கும் ஒரு மெட்டுதான் அதன் உயிர். பாடிய அன்றே, இந்த ஸ்டுடியோவின் மாடிப்படியில் விழுந்து அக்கா போய்ச் சேர்ந்தாள். அந்த நேரம் கேபிள் வாங்கக் கடைக்குப் போயிருந்ததாகத்தான் அத்தான் இன்றுவரை சொல்கிறார்.

இப்போது புது ரீமிக்ஸ்கள் வரப்போகின்றன. அத்தான் எப்போதும் முன்னும் பின்னும் வெட்டிய குரலைத்தான் வெளியே கொடுப்பார். இந்த முறை அனுப்பியவள், இப்போது அவர் எதிரே நிற்கும் தங்கை. அக்காவின் ஒரு மூச்சைக்கூட வெட்ட மனம் வராமல், பழைய டிஸ்கில் இருந்த முழுப் பதிவையும் ரீமிக்ஸ் செய்பவர்களுக்கு அனுப்பிவிட்டாள்.

"மத்தவங்க பண்ணினதெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"அவங்கல்லாம், அக்கா பாடி முடிச்ச இடத்தோட விட்டுட்டாங்க. அந்த வெளிநாட்டு மொட்டைதான் அதுக்கப்புறம் உள்ளதையும் எடுத்து, சத்தத்தை ஏத்தி வச்சிருக்கான்."

"முடிதான் போச்சுன்னா காதும் போச்சா அவனுக்கு? அது வெறும் இரைச்சல்மா."

"இரைச்சல் பேசுமா அத்தான்?"

ஸ்பீக்கரில் டிரம் அடங்கியது. அக்காவின் குரல் மெல்ல மேலே வந்தது.

"மெட்டு என்னோடதுங்க... விடுங்க, கை வலிக்குது."

அடுத்து ஒரு கனைப்பு.

மொட்டைக்கு நம் பேச்சு புரியாது. நல்ல சத்தம் என்று அதையே சுற்ற விட்டிருந்தான். கை வலிக்குது, கனைப்பு. கை வலிக்குது, கனைப்பு. அடியில் டிரம் மறுபடி ஏறத் தொடங்கியது.

"யார் யாருக்குப் போட்டுக் காட்டின?"

"யாருக்கும் இல்ல. முதல்ல உங்களைக் கேக்கணும்னு..."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது.

அவர் எழுந்து போய்க் கனத்த கதவை அழுத்திச் சாத்தினார். தெருச் சத்தம் பட்டென்று அறுந்தது. உள்ளே என்ன கத்தினாலும் வெளியே கேட்காதபடி அவரே பார்த்துப் பார்த்துக் கட்டிய அறை. திரும்பி வந்தவர் பாட்டை நிறுத்தவில்லை. சத்தத்தைக் கடைசிவரை திருகினார். கனைக்கவும் இல்லை.

"அத்தான்... கதவை எதுக்குத் தாழ் போட்டீங்க?"