மங்களத்துக்கு ஒரு போட்டோ

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த தன் மகளை மங்களம் பார்க்கவில்லை. 2011 ஜூலையில், ஏழாம் மாதம் தொடங்கியிருந்தபோது, ரத்த அழுத்தம் ஏறி அவளுக்கு வலிப்பு வந்தது. ஆனேக்கல் ஆஸ்பத்திரியில் அவசரமாக ஆபரேஷன் செய்து குழந்தையை வெளியே எடுத்தார்கள். ஒரு கிலோகூட இல்லை. அவ்வளவு சின்னக் குழந்தையைக் காப்பாற்ற அங்கே வசதி கிடையாது. மங்களத்துக்கு மயக்கம் தெளிவதற்குள் குழந்தையை ஆம்புலன்ஸில் பெங்களூருக்கு அனுப்பிவிட்டார்கள். அல்சூர் ஏரியைத் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மூன்றாவது மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் பெயருக்குப் பதிலாக ‘மங்களம் குழந்தை’ என்று எழுதியிருந்தது.

அவள் புருஷன் ஆதிகேசவன் இரண்டு ஆஸ்பத்திரிக்கும் நடுவில் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தான். பொம்மசந்திராவில் பம்ப்புக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. செய்து முடித்த பாகங்களைச் சோதித்து, சரியில்லாததை ஒதுக்குவது. எதையும் இரண்டு தடவை அளந்து பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டான் என்று அங்கே அவனுக்கு நல்ல பெயர். இப்போது லீவு சொல்லியிருந்தான். காலையில் மங்களத்தோடு இருப்பான். மதியம் கிளம்பி, நாலு மணிக்குப் பெங்களூரில் கையைக் கழுவி, பச்சை கவுனை மாட்டிக்கொண்டு நிற்பான். பத்து நிமிஷம்தான் உள்ளே விடுவார்கள்.

நாலாம் நாள் மங்களத்துக்குப் பேச வந்தது.

“யாரு ஜாடைங்க?” என்று கேட்டாள்.

“இப்ப என்ன தெரியும். இத்தினியூண்டு இருக்கா. மூக்குல குழாய் வேற.”

“ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. நான் எப்ப எந்திரிச்சு, எப்ப வந்து பாக்கறது?”

தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்து அவளுக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தமும் இறங்கவில்லை. கூடத் துணைக்கு இருந்த அவளுடைய அக்கா சின்னத்தாயி அவனை வெளியே அழைத்துப் போய்ச் சொன்னாள்: “எடுத்துட்டு வா தம்பி. புள்ள மூஞ்சியப் பாத்தா இவளுக்குப் பாலாவது சுரக்கும். பம்ப்பு வெச்சு எடுத்துப் பாத்தாங்க, சொட்டுகூட வரல.”

அவன் போனில் கேமரா என்று ஒன்று இருந்தது. மறுநாள் பெங்களூரில் நர்ஸ் பிரிஸில்லா, யாரும் பார்க்காதபடி கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, “ஒரே ஒண்ணு, சீக்கிரம் எடுங்கண்ணா” என்றாள். ஃப்ளாஷ் போடக் கூடாது. குறைமாதக் குழந்தைகளின் கண்ணில் வெளிச்சம் படக்கூடாது என்று அறையில் விளக்கைக் குறைத்து, பெட்டிகளின் மேல் துணி போர்த்தியிருந்தார்கள். அந்தப் போட்டோவைப் பார்த்த மங்களம் போனை இப்படியும் அப்படியும் திருப்பினாள். கறுப்புத் திட்டு, அதன் ஓரத்தில் வெளுப்பாக ஏதோ ஒன்று.

“இதுல குழந்தை எதுங்க?”

அவன் விரலால் காட்டினான். அவனுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

பிரிஸில்லாவிடம் சொன்னபோது அவள் யோசித்துவிட்டு, “சின்ன கேமரா இருந்தா கொண்டாங்கண்ணா. சட்டைப் பையில வெப்பாங்களே, அந்த மாதிரி. ஸ்பிரிட் போட்டுத் தொடைச்சு நான் உள்ள விடறேன். பெரிசெல்லாம் வேணாம்” என்றாள்.

அன்று சாயந்திரமே சிவாஜிநகரில் ஒரு கேமரா கடைக்குப் போனான். கடைக்காரன் நரேஷ் அவனைவிடச் சின்னவன். ஆதிகேசவன் எல்லாவற்றையும் சொன்னான். நரேஷ் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, ஒரு சின்ன கேமராவை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தான். தீப்பெட்டி இரண்டு சேர்த்தாற்போல் இருந்தது. வெள்ளி நிறம்.

“வெளிய, வெயில்ல, இது சக்கத்தா, பளிச்சுன்னு எடுக்கும். ஆனா நீங்க சொல்ற ரூம்ல ஃப்ளாஷ் இல்லாம… இருங்க, நீங்களே நோடி, பாருங்க.”

கடையின் ஷட்டரை முக்கால்வாசி இறக்கி, விளக்கை அணைத்தான். கல்லாப் பெட்டி மேலிருந்த சின்னப் பிள்ளையார் பொம்மையைச் சின்ன கேமராவில் எடுத்தான். பிறகு கண்ணாடி அலமாரியைத் திறந்து, கறுப்பாக, கனமாக இருந்த டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றை எடுத்து, அதற்குத் தனியாக ஒரு லென்ஸ் மாட்டி, அதிலும் எடுத்தான். இரண்டையும் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினான்.

சின்ன கேமராவின் படத்தில் பிள்ளையார் மேல் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் இறைந்து கிடந்தன. முகம் குழைந்திருந்தது. ஆனால் பிள்ளையார் என்று தெரிந்தது. பெரிய கேமராவின் படத்தில் தும்பிக்கையில் படிந்த தூசிகூடத் தெரிந்தது.

“இது வாங்கிட்டீங்கன்னா பத்து வருஷம் ஓடும் அண்ணா. பாப்பா பர்த்டே, ஸ்கூல் டே, எல்லாத்துக்கும் ஆச்சு” என்றான் நரேஷ்.

ஆதிகேசவன் யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினான்.

பிரசவத்துக்கென்று சேர்த்து வைத்தது இருந்தது. விலை அவனைத் தடுக்கவில்லை. சின்னதை வாங்கினால் படம் மோசமாக வரும். மகளின் முகத்தில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்து மங்களம் பயந்துவிடுவாள். பெரியதை வாங்கினால் உள்ளே விடமாட்டார்கள். ஆனேக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதையே திருப்பித் திருப்பிப் போட்டான். யாரிடமும் சொல்லாத இன்னொன்றும் இருந்தது. அந்த வெள்ளி நிறக் கேமராவைக் கையில் வைத்திருந்தபோது, ஒரே ஒரு போட்டோவுக்காக வாங்குவதுபோல் அவனுக்குத் தோன்றியது. அதற்கு மேல் எடுக்க எதுவும் இருக்காது என்று தானே ஒத்துக்கொள்வதுபோல். பத்து வருஷம் என்று நரேஷ் சொன்னதைக் காது பிடித்துக்கொண்டது.

மறுநாளும் கடைக்குப் போனான். இரண்டையும் திரும்ப எடுத்துப் பார்த்தான். வாங்கவில்லை. அதற்கு அடுத்த நாள் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து, இரண்டைப் பற்றியும் எழுதியிருந்ததையெல்லாம் படித்தான். பாதி புரிந்தது. ஒருத்தன் நல்லது என்று எழுதியதை அடுத்தவன் இல்லை என்று எழுதியிருந்தான். குறித்துக்கொள்ளச் சீட்டு வாங்கி இரண்டு பக்கமும் நிரப்பினான்.

“போட்டோ என்னாச்சுங்க?” மங்களம் தினமும் கேட்டாள்.

“நல்லதா பாத்துட்டு இருக்கேன்.”

“நல்லது என்னத்துக்கு? மங்கலா இருந்தா இருக்கட்டும். நான் பெத்தது எனக்குத் தெரியாதா?”

“ரெண்டு நாள் பொறு.”

சனிக்கிழமை அவன் பெரியதை வாங்கினான். பெட்டி, பை, லென்ஸ், கழுத்தில் மாட்டும் வார். நாலு மணிக்கு மூன்றாவது மாடிக்குப் போனபோது பிரிஸில்லா பையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“இதை எப்படிண்ணா நான் உள்ள விடறது? இந்த லென்ஸு, பட்டனு, இடுக்கு எல்லாத்தையும் துடைக்க முடியுமா? ஒம்பது குழந்தைங்க இருக்கு. சின்னதுன்னுதானே சொன்னேன்.”

“சின்னதுல சரியா வரலை சிஸ்டர். ஒரு நிமிஷம்தான்.”

“பெரிய டாக்டர் சொன்னா விடறேன். அவர் திங்கக்கிழமைதான் வருவார். இல்லன்னா ஒண்ணு பண்ணுங்க. இப்பவே போய் மாத்திட்டு வாங்க. நாளைக்கு நாலு மணிக்கு நானே எடுத்துத் தரேன்.”

பையை வெளியே வைத்துவிட்டு, வெறுங்கையோடு உள்ளே போனான். குழந்தை அன்று கண்ணைத் திறந்தது. இதுவரை திறந்ததில் இது மூன்றாவது தடவை. அவன் பெட்டியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து, மேலே இருந்த மஞ்சள் விளக்கு எங்கே விழுகிறது, திங்கட்கிழமை எங்கே நின்று எடுத்தால் சரியாக இருக்கும் என்று பார்த்தான். பத்து நிமிஷம் முடிந்துவிட்டது.

பஸ் ஸ்டாப்பில் அரைமணி நேரம் நின்றான். கடை எட்டு மணி வரை திறந்திருக்கும். சிவாஜிநகர் பஸ் இரண்டு வந்து போயின. மாற்றிக்கொள்ளலாம். ஆனால் திங்கட்கிழமை டாக்டர் சரி என்று சொல்லிவிட்டால்? ஒரு நாள்தானே என்று முடிவு செய்து, கேமராவோடு அன்று ராத்திரி அல்சூரில் அத்தை வீட்டில் தங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவன் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது, இவ்வளவு குறைமாதத்தில் இப்படி ஆவது உண்டு என்று ஒரு சின்ன வயது டாக்டர் கன்னடத்தில் மெதுவாக, இரண்டு தடவை சொன்னார். அவன் இரண்டு தடவையும் தலையாட்டினான்.

பிரிஸில்லா குழாய்களையெல்லாம் கழற்றி, உடம்பைத் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, பக்கத்து அறையில் ஜன்னலோரமாக ஒரு மேஜையில் கிடத்தியிருந்தாள். நல்ல வெளிச்சம் இருந்தது. அவன் தோளில் இன்னமும் அந்தப் பை. எதற்காகத் தூக்கிக்கொண்டு வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

“அம்மாவுக்குக் காட்டணுமில்லண்ணா,” என்றாள் அவள். அழுதுகொண்டிருந்தாள். “இப்ப எடுத்துக்கங்க. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

நாலு படம் எடுத்தான்.

குழந்தையை ஆனேக்கலுக்கு எடுத்துப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தான். சின்னத்தாயிக்குப் போன் செய்தபோது, அவள் அங்கிருந்த டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து அழுதாள்: “இப்ப சொல்லக் கூடாதாம் தம்பி. மறுபடி பிரஷர் ஏறினா இவளும் கையில நிக்கமாட்டாளாம். ரெண்டு மூணு நாள் போகட்டும்னு சொல்றார்.” அதனால் மதியமே, அத்தை வீட்டு ஆட்கள் இரண்டு பேர் கூட வர, அல்சூர் பக்கத்திலிருந்த இடுகாட்டில் புதைத்தார்கள்.

சாயந்திரம் மங்களம் முதலில் பார்த்தது அவன் முகத்தை அல்ல, பையை.

“கேமரா வாங்கிட்டீங்களா? எடுத்தீங்களா? குடுங்க.”

அவன் காட்டுவதாக இல்லை. இன்னும் எடுக்கவில்லை என்று சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தான். அவள் ஊசி குத்தியிருந்த கையை நீட்டிப் பையைப் பிடித்து இழுத்தாள். ஊசி பிடுங்கிக்கொள்ளும் என்று பயந்து கொடுத்துவிட்டான். கேமராவின் பின்பக்கத் திரையில் அவள் மகள் வந்தாள்.

மங்களம் திரையைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். பிறகு, “குழாயெல்லாம் எடுத்துட்டாங்களா?” என்றாள்.

சின்னத்தாயி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ம்” என்றான் ஆதிகேசவன்.

“அப்ப அவ தேறிட்டான்னு சொல்லுங்க! எவ்வளவு தெளிவா இருக்கு. புருவம்கூட இருக்கு பாருங்கக்கா. தூங்கறா.”

மறுநாள் விடியும்போது அவளுக்குப் பால் சுரந்திருந்தது. மார்பு கனத்து, சட்டை நனைந்து, வலியோடு சிரித்தாள். நர்ஸ் எடுத்துக் கொடுத்ததை ஒரு சின்ன பிளாஸ்கில் ஊற்றி, மூடியை இறுக்கி, அவன் கையில் கொடுத்தாள். “குலுக்காம எடுத்துட்டுப் போங்க. கொஞ்சம்தான். அவளுக்கு இது போதும்.”

அவன் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெங்களூர் மார்க்கெட்டில் இறங்கி, பஸ் நிலையத்து சிமெண்டு பெஞ்சில் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கண்டக்டர்கள் ஊர்களின் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார்கள். நாலு மணி ஆயிற்று. நாலு பத்து ஆயிற்று. சாயந்திரம் ஒரு குழாயடியில் அதை ஊற்றி, கழுவி, திரும்பக் கொண்டுபோனான். குடித்தாளா என்று மங்களம் கேட்டாள். குடித்தாள் என்றான். அடுத்த நாளும் அப்படியே.

புதன்கிழமை அவளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. இனிச் சொல்லலாம், தானே வந்து சொல்கிறேன் என்று காலையில் டாக்டர் சொல்லியிருந்தார். அவர் வருவதற்கு முன் மங்களம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்துப் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மறுபடி ஒன்று. படத்தைப் பெரிதாக்க அவளே கற்றுக்கொண்டிருந்தாள்.

“ஏங்க.”

“என்ன?”

“நாலுலயும் கை ஒரே மாதிரி இருக்கு.”

அவள் மறுபடி பட்டனை அழுத்தினாள்.

“விரல்கூட அசையல. உதடு பாருங்க, என்ன நிறம்னு.” அவள் குரல் உயரவே இல்லை. “கன்னத்துல பிளாஸ்திரி பிச்ச தடம் எல்லாம் தெரியுது. இவ்வளவு தெளிவா எடுத்திருக்கீங்க.”

சின்னத்தாயி ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். மங்களம் அக்காவின் கையை விலக்கினாள். அழவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்ப?”

“ஞாயித்துக்கெழம.”

“நான் குடுத்த பால?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“உசுரோட இருக்கறப்ப எடுத்தது ஒண்ணு இருக்கா? கண்ணு தொறந்த மாதிரி?”

“இல்ல.”

“பதினோரு நாள்ல ஒண்ணுகூடவா?”

“இல்ல மங்களம்.”

டாக்டர் வந்தார். நிலைமையைப் புரிந்துகொண்டு அவள் நாடியைப் பிடித்தார். பால் நிற்க மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சின்னத்தாயி வராண்டாவுக்குப் போய் வாயில் புடவையை வைத்துக்கொண்டு அழுதாள். உள்ளே அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

“சரி, வாயாலயாவது சொல்லுங்க,” என்றாள் மங்களம். “கண்ணு எப்படி இருந்துச்சு?”

அவன் நினைவுபடுத்திப் பார்த்தான். மூன்று தடவை குழந்தை கண் திறந்தபோதும் அவன் ஓரடி தூரத்தில்தான் நின்றிருந்தான். அறை அப்படியே ஞாபகம் இருந்தது. மஞ்சள் விளக்கு இடப்பக்கம் மேலே இருந்தது. துணியின் நிழல் பெட்டியில் பாதி வரை விழுந்தது. எந்தப் பக்கம் நின்றால் கண்ணாடியில் பளபளப்பு அடிக்காது என்பதுகூட ஞாபகம் இருந்தது. கண் மட்டும் நினைவுக்கு வரவில்லை.

“கறுப்பா இருந்துச்சு. பெரிசா. உன்ன மாதிரி.”

“உங்களப் பாத்தாளா?”

“பாத்தா.”

“எவ்வளவு நேரம்?”

“ரொம்ப நேரம் பாத்தா.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான். இமையைப் பற்றி, விளக்கு பட்டபோது குழந்தை கூசியதைப் பற்றி, அவன் பேச்சுக் கேட்டுத் திரும்பியதைப் பற்றி. மத்தியானம் வரை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அதில் ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை.