மெம்பர் வீட்டுச் சாவு

துஷாந்தினி பெட்டியில் கிடந்த அப்பாவின் நெஞ்சிலிருந்து கூடைச் சங்கத்துக் கொடியை உருவி, மடித்துக் கதிரையில் போட்டாள். அவள் நிமிர்வதற்குள் விளக்குச் சங்கத்துக் கொடி அங்கே ஏறியிருந்தது. விரித்தவன் சுரேஸ். விரித்ததோடு நிற்காமல், சுருக்கம் போகத் தடவியும் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"சுரேஸ் அண்ணே, அத எடுங்க."

"என்னா டீச்சர் நீங்க? போன எலக்சன்ல அப்பா எங்க விளக்குலதான கேட்டாரு? சபையில எங்க மெம்பராத்தான் செத்திருக்காரு."

"சபையில சாகலண்ணே. அடுப்படியில செத்தாரு."

வாசலில் நின்ற ஜெயரூபன் அதைக் கேட்டுச் சிரித்தான். அவன் கூடைச் சங்கத்துக்காரன். "ஒங்க கூட்டத்துப் பக்கமே ரெண்டு மாசமா வராத மனுசன்டா அவரு. அவர மொதல்ல மெம்பராக்குனது யாரு? கூடை. கூடை இல்லாட்டி இன்னிக்கும் கவ்வாத்துக் கத்தியோடதான் நின்னிருப்பாரு."

இருவரும் சொன்னது உண்மைதான். மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த பொன்னையா, கூடைச் சங்கத்தில் தோட்டத் தலைவராகி, அதே சின்னத்தில் பிரதேச சபைக்குப் போனார். ஓடைக்குப் பாலம் கட்ட வந்த பணம் வேறு தோட்டத்துக்குத் திருப்பப்பட்டபோது கூடைக்காரர்களோடு சண்டை பிடித்தார். அடுத்த முறை விளக்கில் நின்று வென்று பாலத்தையும் கட்டினார். மண்சரிவு எச்சரிக்கை ஒட்டப்பட்ட லயங்களின் வரிசை அறைகளில் இருந்தவர்களுக்கென்று வந்த புது வீடுகளை விளக்குக்காரர்கள் தங்கள் ஆட்களுக்கே பங்கு வைத்தபோது அவர்களையும் ஏசிவிட்டு, சபையில் தனியே போய் உட்கார்ந்தார். இரண்டு சங்கங்களுக்கும் அவர் மிச்சம் வைத்திருந்தது கோபம் ஒன்றைத்தான். அதற்கு இன்று இத்தனை உரித்தாளர்கள்.

உள்ளே சுவரோரம் அம்மா பெரியாயி பாயில் உட்கார்ந்திருந்தாள். காலையில் மகளைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள்: "மழைக்கு முன்னாடி அவர மண்ணுல வச்சிருங்கம்மா."

காரணத்தை அவள் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஐப்பசியில் பின்னேரமானால் வானம் பொத்துக்கொள்ளும். மீரியபெத்தவில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்த பிறகு இந்தப் பக்கத்து மலைகளில் யாரும் மழையை மழையாக மட்டும் பார்ப்பதில்லை. பெய்யத் தொடங்கினால் எல்லோரும் பாடசாலைக்கு இறங்கிவிட வேண்டும் என்பது உத்தரவு. மயானமோ ஓடைக்கு அக்கரையில், சரிவில். நேரம் தப்பினால் அப்பாவை இந்த லயத்துக் காம்பராவில் தனியே விட்டுவிட்டுத்தான் அவர்கள் இறங்கவேண்டியிருக்கும்.

"அண்ணே, எப்ப தூக்குறது?" என்று ஜெயரூபனிடம் கேட்டாள்.

"எங்க சங்கத் தலைவர் பதுளையில இருந்து வந்துகிட்டே இருக்காரு. பெரகலச் சந்தி தாண்டிட்டாராம்."

"ஏன், எங்க தலைவரு மட்டும் ரோட்டுல வராம பறந்தா வாறாரு? அவரும் வந்துதான் ஆவணும்" என்றான் சுரேஸ்.

வெளியே ஒலிபெருக்கியில் யாரோ அப்பாவின் சேவைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்: பாலம், தெருவிளக்கு, பிள்ளைகள் ஏறும் படிக்கட்டு, அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு அலைந்து எடுத்துக்கொடுத்த அடையாள அட்டைகள். துஷாந்தினிக்கு எரிச்சல் மண்டியது. அவள் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்ட அன்று பஸ்ஸுக்கு வருவதாகச் சொன்னவர், யாருடைய பிறப்புச் சான்றிதழுக்காகவோ ஹல்துமுல்லை அலுவலகத்தில் வரிசையில் நின்றார். அதையும் மைக்கில் சொல்லட்டும்.

கூடாரமும் கதிரைகளும் கொடுத்த பெரகலச் சந்திக் கடைக்காரர் புஹாரி, அவளருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "தங்கச்சி, அப்புத்தளப் பக்கம் நல்லா கறுத்துட்டு."

"புஹாரி நானா, நீங்களாவது தூக்கச் சொல்லுங்களேன்."

"நான் எப்பிடிம்மா சொல்ற? இங்க மெம்பர்தானே சொல்றது."

அதுதான் சிக்கல் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தத் தோட்டத்து டிவிசனில் யார் வீட்டுச் சாவானாலும், பங்காளிகள் அடித்துக்கொண்டாலும், குடித்தவன் பாடையை மறித்தாலும், பொன்னையா வாசற்படியில் வந்து நின்று வானத்தை ஒருமுறை பார்ப்பார். பிறகு, "போதும், தூக்குங்க" என்பார். அதுவரை யாரும் சவத்தைத் தொடமாட்டார்கள். பறை கூட அந்தச் சொல்லுக்குத்தான் அடி மாற்றும்.

இப்போதும் தூக்க வேண்டிய நான்கு பேர் தோளில் துண்டோடு தயாராக நின்றார்கள். நின்று, பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சண்டையின் நடுவே மூச்சுவாங்கிய சுரேஸும் ஜெயரூபனுங்கூடச் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பக்கமே திரும்பினார்கள், மெம்பர் எழுந்து ஒரு முடிவைச் சொல்லிவிடுவார் என்பதுபோல.

அவளுக்கு எல்லோர்மீதும் கோபம் வந்தது. எல்லோரையும்விட, பஞ்சு அடைத்த மூக்கோடு எதுவும் தெரியாதவர்போல் படுத்திருந்த மனிதர்மீது வந்தது. ஊருக்கெல்லாம் எல்லாவற்றையும் செய்தார். தன் சாவுக்கு ஒரு ஆளை ஏற்பாடு செய்துவிட்டுப் போக அவருக்குத் தோன்றவில்லை.

கூடாரத்தின் மேல் ஒரு துளி விழுந்தது. பிறகு சற்றுத் தள்ளி இன்னொன்று.

"பத்தே நிமிசம் டீச்சர்" என்று தொடங்கினான் ஜெயரூபன்.

துஷாந்தினி விளக்குக் கொடியை உருவினாள். கதிரையில் கிடந்த கூடைக் கொடியையும் எடுத்தாள். இரண்டையும் ஆளுக்கொன்றாக அவர்கள் கையில் திணித்தாள். "ஒங்க தலைவருமாரு நனைஞ்சுகிட்டு வருவாங்க. அவங்களுக்குப் போத்திவிடுங்க."

வாசற்படிக்குப் போய் நின்றாள். வானத்தைப் பார்க்கும் பொறுமை அவளுக்கு இல்லை.

"போதும். தூக்குங்க."

"பொம்பளப் புள்ள சொல்றதாவது..." என்று பின்னாலிருந்து ஒரு கிழவி முணுமுணுத்தாள். அதற்குள் நால்வரும் குனிந்திருந்தார்கள். பறை அடி மாறியது. மைக் பிடித்தவர் பாதி வாக்கியத்தில் நின்றார். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு எழுப்பிய ஓலத்தின் நடுவே பெட்டி வாசலைத் தாண்டியது.

பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. அவள் படியிலேயே நின்று, பெட்டி தேயிலைகளுக்கிடையே இறங்கி, பாலத்தைக் கடந்து, அக்கரையில் ஏறும்வரை பார்த்தாள். மழை இன்னும் வலுக்காமல்தான் இருந்தது.

இனி அழலாம் என்று நினைத்தாள்.

"தங்கச்சி, கூடாரத்த இப்பவே அவுக்கவா?" என்றார் புஹாரி.

"மழ விட்டு அவுத்துக்கலாம் நானா. கதிரைய மட்டும் உள்ள அடுக்கச் சொல்லுங்க."

"டீச்சர், வீடு கழுவ எத்தன பேரு வரணும்?" என்று இன்னொரு குரல் கேட்டது.

"ரெண்டு பேரு போதும்."

"பாப்பா, நாளைக்குப் பால் ஊத்த எத்தன மணிக்கு?"

"வெள்ளனவே ஊத்திருவோம்."

மேட்டு லயத்திலிருந்து வந்தவள் ஒருத்தி எல்லோரும் நகரும்வரை தூணோரம் காத்திருந்தாள். "கோவிச்சுக்காதீங்க டீச்சர். எங்க லயத்துல தண்ணி வரல. மெம்பர்கிட்ட சொல்லியிருந்தோம், பாக்குறேன்னாரு. இனி யாருகிட்டப் போயி சொல்றது?"

துஷாந்தினி வாயைத் திறந்தாள். சுடச்சுட ஒரு பதில் வந்தது. அதை விழுங்கிவிட்டு, "எந்தப் பக்கத்துக் கொழாய்?" என்று கேட்டாள்.

அவள் சொல்லி முடித்துப் போனபோது அக்கரையில் பறை நின்றிருந்தது. தகரத்தின் மேல் மழை இரைந்து இறங்கியது. துஷாந்தினி உள்ளே திரும்பினாள்.

பெரியாயி சுவரோடு ஒண்டி, பாயில் இன்னொரு ஆளுக்கு இடம்விட்டு உட்கார்ந்தாள்.