முன்வரிசை மட்டும்

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. எந்த டாக்டரிடமும் சொல்லி மருந்து வாங்க முடியாத வியாதி. அலமாரியில் ஒரு இடைவெளி தெரிந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

தொழிலால் வந்தது அது. பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்றில் அடுக்குகளுக்குச் சரக்கு நிரப்புவதுதான் அவருடைய உத்தியோகம். தள்ளுவண்டியோடு நாளெல்லாம் சுற்றி, எங்கே ஒரு டப்பா குறைந்திருக்கிறது, எங்கே பாட்டில் விற்றுப்போய்ப் பள்ளம் விழுந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து நிரப்ப வேண்டும். அடுக்கில் ஓட்டை தெரிந்தால் மேலாளர் உயிரை எடுத்துவிடுவார். அங்கே அந்த வேலைக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். வீட்டிலும் மனிதர் அதே வேலையைச் செய்தார், எங்கள் காசில்.

உப்பு பாக்கெட் பாதியானால் அடுத்த உப்பு வந்துவிடும். எண்ணெய் பாட்டிலின் கழுத்து காலியானால் புது எண்ணெய் வரும். எங்கள் வீட்டு உப்பைத் தண்ணீரில் கொட்டியிருந்தால் மாடியில் ஒரு சின்னக் கடலே கட்டியிருக்கலாம். ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டின் தரை கண்ணில் படக் கூடாது. பட்டால் அன்று மாலை பையோடு வருவார். அடியில் கிடக்கும் கேரட்டுக்குத் தாடி முளைக்கும், வெள்ளரிக்காய் தண்ணீராகும். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குப்பையில் கொட்டுவேன். கொட்டினால் இடைவெளி விழும். விழுந்தால் மறுபடியும் பை.

வாங்கட்டுமே, உனக்கென்ன போயிற்று என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

நான் வேலை பார்ப்பது ஒரு சலவைக்கூடத்தில். ஹோட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளையில் விட்டு எடுத்து மடிக்கும் பிரிவு. மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம், மளிகைச் செலவு கையைக் கடிக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டையும் வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு ஒன்றரை மடங்கு கூலி. அந்தக் கூலி வந்த வழியே மளிகைக்குப் போனது. பதிலுக்குப் புதன்கிழமை எனக்கு விடுமுறை. புதன்கிழமை மகள் பள்ளியில் இருப்பாள், ஞாயிற்றுக்கிழமை நான் சலவைக்கூடத்தில் இருப்பேன். நானும் என் மகளும் ஒரே வீட்டில் ஷிஃப்ட் போட்டுக் குடியிருந்தோம். இப்போது அவளுக்கு நாலாம் வகுப்பு. அவள் சைக்கிள் ஓட்டப் பழகியதை எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மேற்பார்வை அம்மா கூப்பிட்டு, புதிதாக வந்த பெண்ணுக்கு ஞாயிறு ஷிஃப்ட் வேண்டுமாம், உனக்கு விட மனசிருக்கிறதா என்று கேட்டார். மூன்று மாதம் யோசிக்க அவகாசம் தந்தார். ஒரு தடவை விட்டால் திரும்பக் கேட்கக் கூடாது என்றும் சொன்னார். நான் நேராக வீட்டுக்கு வந்து, மளிகை பில்லை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும், குறைக்காவிட்டால் எனக்கும் உங்களுக்கும் பேச்சு கிடையாது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பயந்துபோனார். குறைக்கலாம், ஆனால் வீட்டில் யாருக்கும் 'இல்லை' என்ற எண்ணமே வரக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார்.

முதலில் என் வழி. இருப்பது தீர்கிற வரைக்கும் எதையும் வாங்குவதில்லை என்று சட்டம் போட்டேன். ஒரே வாரத்தில் சமையலறை மொட்டையடித்த தலையாகிவிட்டது. அப்புறம்தான் கூத்து. டப்பா நிறைய பிஸ்கட் இருந்தபோது இரண்டோடு எழுந்து போகும் மகள், நாலுதான் மிச்சம் என்று தெரிந்ததும் நாலையும் ஒரேயடியாக விழுங்கினாள். கேட்டால், நாளைக்கு இருக்காதே என்கிறாள். வீட்டுக்காரர் ஃபிரிட்ஜைத் திறந்து, உள்ளே இருந்த ஒற்றை முட்டையை இறந்துபோன உறவுக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, அதையும் பொரித்துச் சாப்பிட்டார். நானே சும்மா இருந்தேனா? பிடிக்கவே பிடிக்காத உலர்ந்த திராட்சையை வழித்து வாயில் போட்டுக்கொண்டேன். மாதக் கடைசியில் மூன்று பேரும் கடைக்குள் புகுந்தோம். பட்டினிப் படை புகுந்த மாதிரி இருந்தது. பில் முன்னைவிட அதிகம்.

வீட்டுக்காரர் ஜெயித்த முகத்தோடு உலாத்தினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

அடுத்தது அவர் வழி. கடைக்குச் சரக்கு லாரி வராத நாளில் அவர்கள் ஒரு வேலை செய்வார்களாம். இருக்கிற டப்பாக்களையெல்லாம் அடுக்கின் விளிம்புக்கு இழுத்து, பெயர் ஒட்டிய பக்கம் வெளியே தெரிய ஒரே ஒரு வரிசையாக நிறுத்திவிடுவார்கள். பின்னால் ஒன்றும் இருக்காது. பார்க்கிறவருக்கு அடுக்கு நிறைந்து வழியும். நிறைந்த அடுக்கைப் பார்த்தால் யாரும் பதறி அள்ள மாட்டார்கள், தேவையானதை எடுத்துக்கொண்டு போவார்கள் என்றார். அதையே வீட்டிலும் செய்யப்போவதாகச் சொன்னபோது நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆனால் வேலையில் கெட்டிக்காரர். காலி அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து அலமாரியின் பின்பக்கம் சுவர் மாதிரி நிறுத்தி, அதற்கு முன்னால் டப்பாக்களை வரிசை கட்டினார். எல்லாம் ஒவ்வொன்றுதான். உப்பு ஒன்று, சர்க்கரை ஒன்று, பருப்பு ஒன்று. காய்கறித் தட்டில் பின்பக்கமாக ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்தார். கடையிலும் அப்படித்தானாம். ஐந்து தக்காளி பத்தாகத் தெரிந்தது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், வேலை செய்தது. மகள் இரண்டு பிஸ்கட்டோடு எழுந்து போனாள். வீட்டுக்காரர் அலமாரியைத் திறப்பார், கண்ணை ஓட்டுவார், மூடுவார், பையைத் தேட மாட்டார். தானே நட்டுவைத்த அட்டையைத் தானே நம்பினார். எனக்கும் உள்ளே இருப்பது தெரியும், இருந்தாலும் கதவைத் திறந்தால் வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. வாங்கியதைச் சமைத்தோம், சமைத்ததைச் சாப்பிட்டோம், குப்பைக்கு ஒன்றும் போகவில்லை. அந்த மாதம் பில் குறைந்தது. அதற்கடுத்த மாதம் இன்னும் குறைந்தது. திங்கட்கிழமை மேற்பார்வை அம்மாவிடம் பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நாத்தனார் வந்தார்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே அக்கா. பஸ் கண்டக்டர். சாதாரணமாகப் பேசினாலே கடைசி சீட் வரை கேட்கும். வந்தால் உட்கார மாட்டார், நேராகச் சமையலறைக்குப் போவார், ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்ப்பார். கல்யாணமான புதிதில் அது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டிக்கெட் வாங்கினாயா என்று பரிசோதிக்கிற மாதிரி இருக்கும். பன்னிரண்டு வருஷத்தில் பழகிவிட்டது.

அன்றைக்கும், நானே டீ போடுகிறேன் என்று உள்ளே போனார். பாலுக்காக ஃபிரிட்ஜைத் திறந்து குனிந்தவர் அப்படியே நின்றார். தக்காளிகளுக்கு நடுவிலிருந்து அவருடைய முகமே அவரைப் பார்த்தது. கதவை மூடினார். பிறகு சர்க்கரை டப்பாவை எடுக்கக் கையை நீட்டினார். கை பக்கத்து டப்பாவில் இடித்தது. அது பின்னால் சாய்ந்தது, அட்டைச் சுவர் மொத்தமும் ஓரமாகச் சரிந்து அவர் காலடியில் விழுந்தது. முன்வரிசைக்குப் பின்னால் வெறும் மரப்பலகை.

இன்றைக்குத் தெருவே சிரிக்கப்போகிறது என்றுதான் நான் நினைத்தேன். நாத்தனார் சிரிக்கவில்லை. சமையலறை ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"வேலை போயிடுச்சாடா?" என்றார் தம்பியிடம். குரல் முன்சீட்டைக்கூடத் தாண்டவில்லை.

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"எங்கிட்ட மறைக்காத. முன்னால ஒரு வரிசை, பின்னால ஒண்ணும் இல்ல. இந்த வித்தையை எனக்கே காட்டுறியா? நான் பண்ணாததாடா இது?"

அப்புறம்தான் எனக்கு விஷயமே தெரியவந்தது. அவர்களுடைய அம்மா சீக்கிரம் போய்விட்டார். அப்பா லாரியோடு வாரக்கணக்கில் வெளியே இருப்பார். பள்ளிக்கூடம் போகிற வயதில் நாத்தனார்தான் குடும்பத்தை நடத்தியிருக்கிறார். காலி டப்பாக்களை இறுக மூடி அலமாரியின் முன்னால் வரிசையாக வைத்துவிடுவாராம், வீட்டில் எல்லாம் இருக்கிறது என்று சின்னத் தம்பி நினைக்கட்டும் என்று. இவ்வளவு வருஷத்தில் என் வீட்டுக்காரர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் படியிறங்கிவிட்டார். திரும்பி வந்தபோது கூடவே தெருமுனைக் கடைக்காரரும் மூட்டையோடு வந்தார். அரிசி, எண்ணெய், மாவு, பிஸ்கட், உப்பு. உப்பு வேறு. நாங்கள் எவ்வளவு மறுத்தும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்காரரோ, வேண்டாம் வேண்டாம் என்று வாய் சொல்லச் சொல்ல, கையால் எடுத்து அடுக்க ஆரம்பித்தார். இரண்டு வரிசை, மூன்று வரிசை. பெயர் ஒட்டிய பக்கம் வெளியே தெரியும்படி திருப்பித் திருப்பி வைத்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மூன்று மாதமாக நான் பார்க்காத சந்தோஷம்.

இந்த அடுக்கு இப்படியே நிறைந்து கிடந்தால் அடுத்த வாரம் ஒரு பள்ளம் விழும். பள்ளம் விழுந்தால் பை வரும். திங்கட்கிழமை போய் ஞாயிறு ஷிஃப்டை விட்டுவிட்டு அடுத்த மாதம் நான் என்ன செய்வேன்? இனி எனக்கு ஞாயிறு கிடையாது என்று தோன்றியதும் என்னை மீறிக் குரல் வந்துவிட்டது.

"அண்ணி, இங்க யாரும் பட்டினி இல்ல. எனக்கு ஞாயித்துக்கிழமை வேணும். எம் பொண்ணுகூட இருக்கணும். அதுக்குத்தான் இவ்வளவும்."

ஞாயிற்றுக்கிழமைக்கும் ஃபிரிட்ஜுக்குள் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம் என்று நாத்தனார் கேட்டார். நியாயமான கேள்விதான். சலவைக்கூடத்தில் ஆரம்பித்து, தாடி வைத்த கேரட் வழியாக, கடைக்கு லாரி வராத நாள் வரை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது. அவர் நம்பவில்லை. தம்பி முகத்தைப் பார்த்தார்.

வீட்டுக்காரர் கையில் எண்ணெய் பாட்டிலோடு நின்றார். அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த டப்பாவையெல்லாம் நான் அப்பவே தூக்கிப் பாத்திருக்கேன்க்கா," என்றார். "கனமே இருக்காது."

"தெரிஞ்சும் கேக்கலையே நீ," என்றார் நாத்தனார்.

"நீ அவ்வளவு அழகா அடுக்கி வெச்சிருந்த. எப்படிக் கேக்கறது?"

சொல்லிவிட்டு, கையிலிருந்த எண்ணெயை அலமாரியில் வைக்காமல் மூட்டைக்குள் வைத்தார். பிறகு அரிசியை எடுத்தார். மாவை எடுத்தார். வாழ்க்கையில் ஒரு அடுக்கைக்கூடக் காலி செய்து பழகாத கை அது. ஒவ்வொன்றாக எடுத்து, மூன்றாம் வரிசையை, இரண்டாம் வரிசையைக் காலி செய்தார்.

"இது இங்க இருந்தா நான் மறுபடி நிரப்ப ஆரம்பிச்சுடுவேன்க்கா. இவ ஞாயித்துக்கிழமை போயிடும். எடுத்துட்டுப் போயிடு."

அந்த மனிதர் மேல் எனக்கு அப்போது வந்த பிரியத்தை எழுதிக் காட்ட முடியாது. நாத்தனார் எதிரில் நின்றதால் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டதோடு சரி.

மூட்டையை எடுத்துக்கொண்டு போக நாத்தனார் சம்மதித்தார். ஒரு பிஸ்கட் பாக்கெட் மட்டும் மருமகளுக்கு என்று கறாராக வைத்துவிட்டார். போவதற்கு முன்னால் கீழே கிடந்த அட்டைகளை அவரே எடுத்து நிறுத்தினார். தம்பி நிறுத்தியதைவிட நேராக நின்றன. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

"காலிப் பெட்டிக்குள்ள ஏதாவது கனமா வை," என்றார் என்னிடம். "தூக்கிப் பாக்கற புள்ளைங்க இருக்கும்."

திங்கட்கிழமை போய் ஞாயிறு ஷிஃப்டை விட்டேன். மேற்பார்வை அம்மா இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் ஆமாம் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மனசுக்குள் என்னென்னவோ திட்டம் போட்டேன். பார்க்குக்குப் போவோம், அவள் சைக்கிள் ஓட்டுவாள், நான் பின்னாலேயே ஓடுவேன், தலை வாரிவிடுவேன், ஒன்றாகச் சமைப்போம். அவளிடமும் சொல்லி வைத்தேன்.

ஞாயிறு காலை ஒரு நிமிஷம் தலையைச் சாய்த்தேன். கண் விழித்தபோது ஜன்னலில் சாயங்கால வெயில்.

பதறி எழுந்தேன். வருஷக்கணக்கில் சேர்ந்திருந்த தூக்கம் மொத்தமும் அன்றைக்கா வர வேண்டும்? போராடி வாங்கிய நாளைத் தூங்கியே தீர்த்துவிட்டேன். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. மகள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, படத்துக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் சாவி மடியில் கிடந்தது.

"என்னை ஏன் எழுப்பல?" என்றேன். "நீயாவது வெளிய போய் விளையாடியிருக்கலாமே."

"நீதான் வீட்டுல இருக்கியே," என்றாள், பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமலே. "நான் எதுக்கு வெளிய போகணும்?"

நான் கட்டிலிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் எனக்கொரு பென்சிலைக் கொடுத்து, இந்த மூலையை நீ அடி என்றாள்.