நாற்பத்தொரு கிலோமீட்டர்

அந்த மெக்கானிக்கைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சந்தேகண்ணன் என்றால்தான் தெரியும். பிரேக் பிடிக்கவில்லை என்று யாராவது வந்து நின்றால், "அப்படியா? யாரு சொன்னது?" என்று கேட்பார். வண்டியை ஓட்டி வந்தவனே சொன்னாலும் நம்பாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பாதிப் பேருக்கு, தாங்கள் எதையோ திருடிவிட்டு வந்தது போல ஆகிவிடும். ஆனால் அவர் கை பட்ட வண்டி அதே கோளாறோடு திரும்ப வராது. ஊருக்கே தெரிந்த விஷயம் அது. அவருக்கும் தெரியும், கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

அப்படிப்பட்டவரிடம், இருபத்திரண்டு வருஷத்துப் பழைய நீலக் கார் ஒன்று அதே கோளாறோடு மூன்றாவது தடவையாக வந்து நின்றது.

கொண்டு வந்தவள் கார்க்காரரின் மகள். அவர் ஒரு காலத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். கண் பார்வை மங்கிப்போய், இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் மகள்தான் எப்போதாவது கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ வண்டியை எடுப்பாள்.

"அண்ணா, சிக்னல்ல நின்னா குளிர் காய்ச்சல் வந்த மாதிரி உதறுது. பாலம் ஏறும்போது எவ்வளவு மிதிச்சாலும் இழுக்க மாட்டேங்குது. பின்னாடி வர்றவன் எல்லாம் ஹாரன் அடிச்சே என் மானத்தை வாங்குறான்."

"போன தடவை கொடுத்தப்ப நல்லா இருந்துச்சே?"

"பத்து நாள் இருந்துச்சு. இனிமே என்னால முடியாதுண்ணா. இந்தத் தடவையும் சரியாகலைன்னா, ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துட்டுப் போயிடுவாரு. பேசி முடிச்சாச்சு."

"அப்பா என்ன சொன்னாரு?"

"சரின்னு சொன்னாரு. வேற ஒண்ணுமே சொல்லலை."

சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. அந்தக் காரில்தான் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அப்பாவிடம் வாங்கிய திட்டெல்லாம் அந்தச் சீட்டில் உட்கார்ந்து வாங்கியதுதான்.

அவள் போனதும் சந்தேகண்ணன் பிளக் நான்கையும் கழற்றினார். போட்டு ஐந்தே வாரம் ஆன புதுப் பிளக்குகள். நான்கும் விறகடுப்பில் வைத்த பாத்திரத்தின் அடி மாதிரி கரிபிடித்துக் கிடந்தன. பெட்ரோல் சரியாக எரியாமல் கரியாகப் படிகிறது, அதனால்தான் உதறல், அதனால்தான் இழுவை இல்லை. அது போன தடவையே தெரிந்ததுதான். ஏன் படிகிறது என்பதுதானே கேள்வி? அதற்குப் பதில் கண்டுபிடிக்காமல் பிளக்கை மட்டும் மாற்றி அனுப்பியதற்காக அவர் தன்னைத்தானே நாலு வார்த்தை திட்டிக்கொண்டார். அந்த வார்த்தைகள் இங்கே வேண்டாம்.

ஏர் ஃபில்டர் சுத்தம். காற்றுக் குழாய்களை விரலால் தடவிப் பார்த்தார், எங்கும் விரிசல் இல்லை. நாலு சிலிண்டரிலும் அழுத்தம் ஒரே மாதிரி இருந்தது. எஞ்சின் சூட்டை அளக்கும் சென்சாரை மாற்றிப் போட்டும் பார்த்தார். வித்தியாசமில்லை. ஆயில் குச்சியை உருவி மோந்தால் மட்டும் பெட்ரோல் வாடை அடித்தது.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை பார்த்த ஒவ்வொரு வண்டியிலும் பானெட்டின் உள்பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டி, தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிவைப்பார். நாளைக்கு யாரும் வந்து, "நீங்க போட்டது ஒரு மாசம்கூட வரலை" என்று வாயாடக் கூடாது அல்லவா? அந்த டேப்பையும் மீட்டரையும் ஒப்பிட்டார். ஐந்து வாரத்தில் கார் ஓடியது நாற்பத்தொரு கிலோமீட்டர்.

மகளுக்கு போன் போட்டார். "பெட்ரோல் எப்பம்மா போட்டீங்க?"

"நீங்க ரிப்பேர் பண்ணிக் கொடுத்த அன்னிக்கே டேங்க்கை ரொப்பினேண்ணா."

முள் இப்போது கால்வாசிக்கும் கீழே இருந்தது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார், ஒரு சொட்டுக் கசிவு இல்லை. டேங்க் மூடியின் பூட்டு அப்படியே இருந்தது. எவனாவது ராத்திரியில் வண்டியை எடுத்து ஊர் சுற்றினால் மீட்டர் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. அப்படியானால் முப்பது லிட்டர் பெட்ரோலைக் கார் நின்ற இடத்திலேயே குடித்திருக்கிறது. எந்தப் பாவி இதை ஓடவிட்டுப் போகிறான்?

பிளக்கைச் சுத்தம் செய்து, ஆயிலை மாற்றி, சாயங்காலமே காரைக் கொடுத்தனுப்பினார். மறுநாள் காலை பத்து மணிக்குத் தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார், கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று.

கார் வீட்டை ஒட்டிய சந்தில், சமையலறைச் சுவர் ஓரமாக நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் வாட்ச், வாரி விட்ட தலை. பேப்பரை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒரு சாண் தூரத்தில் எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார். சீட் பெல்ட் போட்டிருந்தார்.

சந்தேகண்ணன் கண்ணாடியைத் தட்டி, "ஐயா" என்று கூப்பிட்டார். பெரியவர் குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டு, மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி பேப்பரை மடித்தார்.

"ஏறுங்க தம்பி," என்றார்.

சந்தேகண்ணன் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டார். கோபமாகத்தான் ஆரம்பித்தார். "எஞ்சினைச் சும்மா ஓடவிடாதேன்னு எத்தனை பேருக்கு நீங்க சொல்லிக் கொடுத்திருப்பீங்க?"

"ரெண்டாயிரம் பேருக்கு மேல இருக்கும்."

"அப்புறம் நீங்களே இப்படிச் செய்யலாமா?"

பெரியவர் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். சந்து சட்டென்று அமைதியானது.

"எம் பொண்ணுக்குப் பத்து மணியிலேர்ந்து பதினொன்றரை வரைக்கும் மீட்டிங். ஹால்ல உக்காந்துதான் பேசணும், உள்ள ரூம்ல டவர் கிடைக்காது. என் இருமல் எல்லாருக்கும் கேக்குதாம். ஒரு நாள், 'அப்பா, கொஞ்ச நேரம் வெளிய நடந்துட்டு வாங்களேன்'னா. தப்பா ஒண்ணும் சொல்லலை, பாவம். அவளுக்கு ஆயிரம் பிடுங்கல். ஆனா ரோட்டுல நடக்க எனக்கு பயமா இருக்கு தம்பி. வண்டி பக்கத்துல வந்தப்புறம்தான் தெரியுது. அதைச் சொன்னா அவளுக்கு அதுவும் ஒரு கவலை. அதான் இங்க வந்து உக்காந்துடறேன்."

"தாராளமா உக்காருங்க. யாரு வேணாம்னா? சாவியை எதுக்குத் திருகுறீங்க?"

பெரியவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எஞ்சின் ஓடாத கார்ல ஒருத்தன் தினமும் உக்காந்திருந்தா, போறவங்க வர்றவங்க என்ன நினைப்பாங்க? போக்கிடம் இல்லாத கிழவன்னுதானே? ஓடிட்டிருந்தா, எங்கேயோ கிளம்பிட்டு இருக்காருன்னு நினைச்சுக்குவாங்க."

எதைச் சொன்னாலும் "அப்படியா?" என்று கேட்கிற சந்தேகண்ணன், இதை மட்டும் கேட்காமலே நம்பினார்.

"வண்டியைக் கெடுக்கறது நான்தான்னு எனக்குத் தெரியாதா?" என்றார் பெரியவர். "இரும்புக்காரருக்குக் கொடுக்கறேன்னு அவ சொன்னப்ப அதான் பேசாம இருந்துட்டேன். நீங்க ஏதாவது ஒரு பார்ட் பேரைச் சொல்லி, அது போச்சுன்னு சொல்லிடுங்க. இதை மட்டும் அவகிட்ட சொல்ல வேண்டாம்."

எந்தப் பார்ட்டின் பெயரைச் சொல்வது என்று சந்தேகண்ணன் யோசித்து முடிப்பதற்குள், மகள் சந்துக்கு வந்துவிட்டாள். சமையலறைக்குத் தண்ணீர் எடுக்க வந்தவள் ஜன்னல் வழியாக ஸ்கூட்டரைப் பார்த்திருக்கிறாள். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது.

"என்னண்ணா, வீட்டுக்கே வந்துட்டீங்க? அப்பா, நீங்க இன்னும் நடக்கப் போகலையா?"

அவள் மடித்த பேப்பரைப் பார்த்தாள். இடுப்புக்குப் பின்னால் செருகியிருந்த தலையணையைப் பார்த்தாள், சாவியைப் பார்த்தாள், சீட் பெல்ட்டைப் பார்த்தாள்.

"தினமும் இங்கேதான் இருந்தீங்களா?"

பெரியவர் தலையை ஆட்டினார்.

"நான் வெளிய போயிட்டு வாங்கன்னுதானேப்பா சொன்னேன்?"

"போறதுக்கு ஒரு இடம் வேணாமாம்மா?" என்றார் அவர். குறையாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. சந்தேகண்ணன் அவசரமாக இறங்கி, யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார். "வண்டியில ஒரு கோளாறும் இல்லைம்மா. நல்ல எஞ்சின். நின்ன இடத்துலயே ஓடிக் கரி பிடிச்சுக்கிச்சு. வாரத்துல ரெண்டு தடவை பெரிய ரோட்டுல விட்டு நல்லா மிதிச்சீங்கன்னா அதுவே எரிஞ்சு போயிடும்."

அவள் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

"கோவிச்சுக்கிட்டா," என்றார் பெரியவர்.

இல்லை. அவள் லேப்டாப்பையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, தானே குனிந்து அவருடைய பெல்ட்டைக் கழற்றினாள்.

"இறங்குங்கப்பா. உள்ள போய் உங்க நாற்காலியில உக்காருங்க. மீட்டிங்கை நான் இங்கேயிருந்து பேசிக்கறேன்."

"எனக்காக எதுக்கும்மா நீ..."

"போங்கப்பா. ஞாயித்துக்கிழமை இரும்புக்காரரும் வரல, ஒருத்தரும் வரல. நாம ரெண்டு பேரும்தான் வெளிய போறோம். எங்கேன்னு யோசிச்சு வைங்க."

பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வீட்டுக்குள் போனார். அவள் பின்சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பைத் திறந்தாள். ஹெட்போனை எங்கேயோ வைத்துவிட்டாள் போலிருக்கிறது. மீட்டிங்கில் யாரோ எதையோ வாசிக்கும் குரல் வெளியே கேட்டது. சந்தேகண்ணன் ஸ்கூட்டரைக் கிளப்பினால் தொந்தரவாகுமே என்று தள்ளிக்கொண்டே நடந்தார்.

அப்போது சமையலறை ஜன்னல் வழியாக ரேடியோ அலறியது. காது கேட்காதவருக்கு வைப்பது போல அத்தனை சத்தம். கூடவே, எத்தனையோ நாள் அடக்கி வைத்திருந்த இருமல், ஒன்றன்பின் ஒன்றாக.

லேப்டாப்பில் வாசித்த குரல் நின்றது. என்ன சத்தம் அது என்று கேட்டது.

"எங்க அப்பா," என்றாள் அவள். "வீட்ல இருக்கார்."