கரியப்பன் காத்த கோல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் தீர்த்தகிரி சேலத்தில் பி.ஏ. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். கல்லூரிக் கால்பந்துக் குழுவில் அவன் ரைட் பேக், வலப்பக்கத் தடுப்பாட்டக்காரன். சொந்த ஊர் பாகலூர். அப்பா நாராயணப்பனுக்கு ஏரிக்குக் கீழே முப்பது ஏக்கர் நிலம். அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவள் கெம்பம்மா. அவள் மகன் கரியப்பன் சர்க்கார் உதவித்தொகையில் அதே கல்லூரிக்கு வந்து சேர்ந்தான். ஆள் நெட்டை. நின்றபடி கையைத் தொங்கவிட்டால் முழங்காலைத் தொட்டுவிடுவான் போலிருக்கும்.

பழைய கோல்கீப்பர் படிப்பை முடித்துப் போய்விட்டதால், டிரில் மாஸ்டர் முனிவேல் ஐந்து பேரைக் கோல் கம்பங்களுக்கு நடுவே நிறுத்திப் பார்த்தார். நான்கு பேரைத் தாண்டிப் பந்து உள்ளே போயிற்று. கரியப்பனைத் தாண்டி ஒன்றுகூடப் போகவில்லை.

மண்டலப் போட்டியில் ஐந்து கல்லூரிகள். ஒவ்வொன்றோடும் ஒரு ஆட்டம். முதல் ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிடம் வரை இரு பக்கமும் கோல் இல்லை. அப்போது ஒரு பந்து உயரமாக வந்தது. தலையால் முட்டித் தள்ளலாம் என்று தீர்த்தகிரி பின்னால் ஓடினான். அதைப் பிடிக்கக் கரியப்பனும் முன்னால் வந்தான், ஆனால் வாயைத் திறக்கவில்லை. இருவரும் மோதி விழுந்தார்கள். பந்து மெதுவாக உருண்டு கோட்டைத் தாண்டியது.

"கோல்கீப்பர் கத்தோணும்டா! ஊமையா நீ?" என்று கேப்டன் சென்னகிருஷ்ணன் தாளித்துவிட்டான். கரியப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் ஏன் கத்தவில்லை என்பது தீர்த்தகிரிக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் பயிற்சிக்கு முன்பு கேட்டேவிட்டான். "கூப்புட்டா என்னடா?"

"எப்பிடிங்க கூப்புடறது? 'சின்னய்யா, கொஞ்சம் வுடுங்க'ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள பந்து உள்ள போயிருதுங்களே."

"பேரச் சொல்லு."

கரியப்பன் சிரிக்கவில்லை. "இங்க பழகிட்டா நாக்கு ஊர்ல சும்மா இருக்காதுங்க. எங்கம்மா உங்க காட்டுக்குத்தான் வேலைக்குப் போவுது."

தீர்த்தகிரி பந்தைக் காலால் உருட்டினான். "தோத்துக்கிட்டே இருக்கறதா அப்ப?" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான்.

அன்று சாயங்காலம் மூன்றாவது பந்துக்கு, "தீர்த்தா, வுடு!" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. தீர்த்தகிரியே கேட்டு வாங்கியதுதான். இருந்தும் நெஞ்சில் முள் தைத்தது போலிருந்தது. விலகினான். பந்து கரியப்பன் கையில் போய் உட்கார்ந்தது.

அதன் பிறகு தீர்த்தகிரி அந்தக் குரலை நம்பி ஆடத் தொடங்கினான். திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. எவன் எந்தப் பக்கம் வருகிறான், எதை அடிப்பது, எதை விடுவது என்று எல்லாம் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டாவது ஆட்டத்தில் ஜெயித்தார்கள். மூன்றாவது ஆட்டம் கிருஷ்ணகிரியில், மலையடிவார மைதானத்தில், கொட்டுகிற மழையில். தோல் பந்து தண்ணீர் குடித்துக் கருங்கல்லாகக் கனத்தது. அந்தக் கல்லைப் பெனால்டியில் ஒருவன் மூலைக்கு அடித்தான். கரியப்பன் சேற்றில் வழுக்கிக்கொண்டே போய் விரல் நுனியால் வெளியே தள்ளினான். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வெற்றி. அன்று அணியில் எல்லோரும் அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

கடைசி ஆட்டம் வேலூர்க் கல்லூரியோடு, மத்திகிரி கால்நடைப் பண்ணையின் புல்வெளியில். ஜெயித்தால் கோப்பை சேலத்துக்கு. சமன் ஆனால் வேலூருக்கு. பாகலூரிலிருந்து கூண்டு வண்டியில் நாராயணப்பன் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்கம் மாட்டு வேலியோரம் கூலிக்காரப் பெண்களோடு கெம்பம்மா நின்றிருந்தாள்.

ஆடும்போதும் தீர்த்தகிரியின் கண் அப்பாவின் வெள்ளைத் தலைப்பாகைக்கே போயிற்று. முதல் பாதியில் உயரப் பந்து எதுவும் வரவில்லை. இடைவேளையில் கரியப்பனிடம் போனான்.

"கரியா, இன்னிக்கி மட்டும்..."

கரியப்பன் அவனைப் பார்த்தான். எதிர்பார்த்திருந்தவன் பார்க்கிற பார்வை. தீர்த்தகிரிக்கு மீதிச் சொல் வாயில் வரவில்லை. வெட்கமாக இருந்தது. "ஒண்ணுமில்ல" என்று திரும்பி வந்துவிட்டான்.

இரண்டாம் பாதியில் வேலூர்க்காரர்கள் விடாமல் நெருக்கினார்கள். ஒரு கார்னர். பந்து காற்றில் வளைந்து நேராகத் தீர்த்தகிரியின் தலைக்கு மேல் வந்தது. அவன் எம்பப் போனான்.

"தீர்த்தா, வுடுடா!"

மைதானம் முழுக்கக் கேட்டது. தீர்த்தகிரி குனிந்தான். கரியப்பனின் முழங்கால் அவன் தோளை உரசிக்கொண்டு போயிற்று. நிமிர்ந்து பார்த்தால், அவன் ஆகாயத்தில் படுத்திருந்தான். பந்து இரண்டு கைக்குள்ளும் அடங்கியிருந்தது.

ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கையில் வந்ததுதான் பெரிது. வேலூர் சென்டர் பார்வர்டு பத்தடி தூரத்திலிருந்து அடித்தான். கரியப்பன் இடப்பக்கம் விழுந்து தடுத்தான். பந்து எகிறி அதே ஆள் காலுக்கே போயிற்று. அவன் இந்த முறை வலது மூலைக்கு அடித்தான். கோல் என்று தீர்த்தகிரி கண்ணை மூடப் போனான். தரையில் கிடந்த உடம்பு தரையை விட்டு எழும்பியது. கையை ஊன்றியதாகவோ காலை உந்தியதாகவோ தெரியவில்லை. கிடந்தவன் எழும்பினான், குறுக்கே போனான், பந்து அவனிடம் இருந்தது. இரண்டு கஜத்தில் நின்று பார்த்ததைத் தீர்த்தகிரி பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறான். சொல்லுக்குள் அது வந்ததே இல்லை.

"புடிச்சிட்டான்!" என்றும், "ஹிடிதா!" என்றும், "பட்டாடு!" என்றும் தமிழ், கன்னடம், தெலுங்கு என மூன்று பாஷையிலும் கூட்டம் அலறியது. கெம்பம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நாராயணப்பன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார். நிற்கிறோம் என்பதே அவருக்குச் சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது போலும்.

ஆட்டம் சமன். கோப்பை வேலூருக்குப் போயிற்று.

வண்டியருகே அப்பா கேட்டார். "உன்னை என்னான்னு கூப்புட்டான் அவன்?"

"பேரச் சொல்லிதாங்கப்பா. அவன் சொன்னா நான் கேக்கோணும். கேக்கலைன்னா கோல் உழுந்திருக்கும்."

நாராயணப்பன் முகம் இறுகிற்று. வண்டியில் ஏறி உட்கார்ந்தார். மாடு நகர்ந்த பிறகு, யாரையும் பார்க்காமல், "கீழ கெடந்தவன் எப்பிடிடா எந்திரிச்சான்?" என்றார்.

மறுநாளிலிருந்து கெம்பம்மாவை வேலைக்குக் கூப்பிடவில்லை. அறுவடைக்கு ஆள் போதாமல் பதினைந்து நாள் கழித்துச் சொல்லி அனுப்பினார்கள். அவள் போகவில்லை. மத்திகிரிப் பண்ணையில் புல்லறுக்கச் சேர்ந்திருந்தாள்.

அது தெரிந்த அன்று தீர்த்தகிரி விடுதியில் கரியப்பன் அறைக்குப் போனான். வாசலிலேயே நின்றான். கரியப்பன் பாயில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். தீர்த்தகிரி பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த ரெண்டாவது பந்த எப்பிடிப் புடிச்ச?" என்று கேட்டான்.

கரியப்பன் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான்.

"எனக்கும் தெரியல தீர்த்தா. எந்திரிச்சதே ஞாவகமில்ல. பாத்தா, கையில பந்து இருந்துச்சு."